சர்வைவர்: மீண்டவரா, பொழச்சவரா?

சின்ன வயசுல கேன்சர் வந்து பொழச்ச புள்ளைங்களுக்கு வார்டுல, ஃபைல்ல, எங்க பாத்தாலும் 'சர்வைவர்'னுதான் பேரு. ஆனா நம்மள்ல முக்காவாசிப் பேரு இந்தச் சொல்ல மொதல்ல பாத்தது பேங்க் பாஸ்புக்குலதான், 'ஈதர் ஆர் சர்வைவர்'னு போட்டிருக்கும்ல, ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா மிச்சம் இருக்கறவருக்குப் பணம். பழைய அர்த்தமும் அதேதான். லத்தீன்ல சூப்பர்னா மேல, விவெரேன்னா வாழறது, ரெண்டும் சேந்து பிரெஞ்சு வழியா இங்கிலீசுக்கு வந்து சொத்து விவகாரத்துல ஓடிட்டு இருந்துச்சு. 1985ல ஃபிட்ஸ்ஹியூ முல்லன்னு ஒரு அமெரிக்க டாக்டர், அவருக்கே கேன்சர் வந்தவரு, குணமாச்சு ஆகலன்னு ரெண்டே கட்டம் போட்டா பத்தாது, வியாதின்னு தெரிஞ்ச நாள்லேந்தே பொழைக்கறது ஆரம்பிக்குதுன்னு எழுதினாரு, அதுக்கப்புறம்தான் இந்தச் சொல்லு கேன்சரோட கெட்டியா ஒட்டிக்கிச்சு.

தமிழ்ல என்ன போடறது? 'புற்றுநோயை வென்றவர்' எனக்குப் புடிக்கல, அப்போ செத்துப்போன புள்ள தோத்துப்போச்சா என்ன? 'மீண்டவர்' மரியாதையான சொல்லுதான், ஆனா நாலு வயசுல ரத்தப் புத்துநோய் வந்து ரெண்டு மூணு வருஷம் மருந்து ஏத்துன புள்ளைக்கு மீண்டு போறதுக்குப் பழைய வாழ்க்கைன்னு ஒண்ணு ஏது? தப்பிப் பொழைக்கறதுக்கு 'உய்தல்'னு அழகான பழஞ்சொல் இருக்கு. 896ஆம் குறள்ல நெருப்பு சுட்டாலும் உய்வு உண்டு, பெரியவங்களப் பிழைச்சவங்க உய்ய மாட்டாங்கன்னு வருது (அங்க பிழைக்கறதுன்னா தப்பு பண்றது, கவனிங்க). ஆனா 'உய்ந்தவர்'னு சொன்னா ஊட்டி மார்க்கெட்ல யாருக்குப் புரியும்?

நம்ம வாய்ல இருக்கறது பொழச்சவங்கதான். காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சவனும் பொழச்சான், எஸ்டேட்டுக்குக் கொழுந்து பறிக்க மலையேறி வந்ததும் பொழைக்கத்தான், 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலேந்து வந்து கோத்தகிரி, கூடலூர் பக்கம் குடியேறுன குடும்பங்களக் கேட்டுப் பாருங்க. உசுரும் பொழப்பும் ஒரே சொல்லுல இருக்கு, சர்வைவர்ல இது கெடையாது.

இந்தப் புள்ளைங்க சிக்கி நிக்கறதே பொழப்புங்கற அந்த ரெண்டாவது அர்த்தத்துலதான். உசுரு பொழச்சாச்சு, இருபது வயசாயும் 'குளிர்ல போகாத, பாரம் தூக்காத'ன்னு வீட்டுலயே வெச்சிருக்காங்க. பயமும் சும்மா இல்ல, டாக்ஸோரூபிசின்ங்கற கேன்சர் மருந்த ஏத்துனா பல வருஷம் கழிச்சுக்கூட இதயம் பலவீனமாகலாம், தலைக்குக் கதிர்வீச்சு குடுத்திருந்தா படிப்புல வேகம் கொறயலாம், சிஸ்பிளாட்டின்ங்கற மருந்து காதைக் கெடுக்கலாம். அதுனாலதான் எந்த மருந்து, மொத்தம் எவ்ளோன்னு எழுதுன பேப்பரு அந்தப் பையன் கைல இருக்கணும். ஆனா அது அம்மாவோட ட்ரங்கு பெட்டிக்கு அடியில, ஆடி மழை ஈரத்துல பூசணம் புடிச்சு, டோஸ் எழுதுன வரி மட்டும் மசி கலைஞ்சு கெடக்கும். ஒரு போட்டோ எடுத்து அவன் போன்ல போட்டு வைங்க, அடுத்த தடவ மேட்டுப்பாளையம் எறங்கி கோயம்புத்தூர் போயி அவனே எக்கோன்னு சொல்ற இதய ஸ்கேன் எடுத்துட்டு வரட்டும்.

எழுத்துல 'சிறுவயதுப் புற்றுநோயில் பிழைத்தவர்'னு போட்டா எனக்குச் சம்மதம். கல்யாணப் பேச்சுல என்ன சொல்றதுன்னு கேட்காதீங்க, தரகர் கிட்ட எந்தச் சொல்லும் வேலைக்கு ஆகாது.