மழை விட்டதும் வான் வற்றிவிடாது

“மழைதான் நேற்றே விட்டுவிட்டதே ஐயா, இனி என்ன வெள்ளம்?” இந்த மாரியிலும் இதைக் கேட்டாயிற்று. கேட்டவர் மகனை, வான் (குளம் நிறைந்தால் மேலதிகத் தண்ணீர் வழிந்தோடும் வழி) பாயும் வீதியில் மோட்டார் சைக்கிளோடு தண்ணீர் இழுத்துப் போயிருந்தது. மருதமரத்து வேரொன்று கையில் அகப்பட்டதால் பையன் பிழைத்தான்.

நீர்ப்பாசன வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சைப்போல் எரிச்சல் தருவது வேறில்லை. உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்துக் குளத்தைக் கணிக்காதீர்கள். கனகராயன் ஆறு வவுனியா வடக்கில் தொடங்குகிறது. அங்கே காட்டில் இரவு முழுதும் பெய்த மழை, கிளிநொச்சியில் வெயில் எறிக்கும்போதுதான் இரணைமடுக் குளத்துக்கு வந்து சேரும். இடையில் சின்னச்சின்னக் குளங்கள் பல. ஒன்று நிறைந்து அடுத்ததற்குப் பாயும். மேலே ஒரு கட்டு உடைந்தால் அத்தனை தண்ணீரும் ஒரேயடியாக இறங்கும். மழை நின்ற பிறகும் வரத்து ஏறிக்கொண்டே இருக்கலாம். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டதையும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாட்டையும் அதற்குள் மறந்துவிட்டோமா?

அடுத்தது, “முழங்கால் தண்ணீர்தானே.” 15 சென்ரிமீற்றர் உயர ஓட்டமே வளர்ந்த ஆளை விழுத்திவிடும். 60 சென்ரிமீற்றரில் பெரும்பாலான வாகனங்கள் மிதக்கும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நீச்சல் தெரியும் என்று சொல்லவே சொல்லாதீர்கள். காலடியில் பாசி பிடித்த கொங்கிறீட், அதற்குக் கீழே தண்ணீர் அரித்த குழி. இதில் எங்கே நீந்துவது?

வானுக்குக் கீழே குளிக்கவோ மீன் பிடிக்கவோ நிற்கும்போது தண்ணீரில் கலங்கல் கூடி, சருகும் குச்சியும் நுரையோடு வரத் தொடங்கினால் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பையும் வலையையும் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். ஜப்பான் மீன் (திலாப்பியா) நாளைக்கும் கிடைக்கும். வான் குறுக்கே பாயும் வீதியில், முன்னால் போன உழவு இயந்திரம் கடந்துவிட்டது என்பதற்காக நீங்களும் இறங்காதீர்கள். இருட்டியபின் அந்தப் பாதையே வேண்டாம், சுற்றிப் போங்கள்.

பிள்ளைகளை வான் பார்க்கக் கூட்டிவரும் தகப்பன்மாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: குளக்கட்டின் மேல் நின்று காட்டுங்கள், கீழே இறக்கிக் குளிக்கவிடாதீர்கள். கட்டின் அடிப்பக்கத்தில் எங்கேனும் கலங்கிய தண்ணீர் கசிவதைக் கண்டால், படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் கமக்காரர் அமைப்புக்கோ கிராம அலுவலருக்கோ அப்போதே சொல்லுங்கள். அவர்கள் கிடைக்காவிட்டால் 117க்கு அழையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் அது.