பார்ட்டிஷனைப் 'பகிர்வு' ஆக்கியது யாருங்க?

"கட்டளை வரியிலிருந்து பகிர்வில் பிழைச் செய்தியைப் பதியவும்." தமிழில் வந்த ஒரு பயிற்சிக் கையேட்டில் இந்த வரி. கோயமுத்தூரில் புதிதாக சர்வர் வேலைக்கு வந்த தம்பி படித்துவிட்டு, "யாருக்குங்கண்ணா பகிரோணும்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை.

ஒரே சர்வரைப் பல தனி சர்வர்கள் போலப் பிரித்தால், வருகிற ஒவ்வொரு துண்டும் ஒரு பார்ட்டிஷன்; கையேடு அதைத்தான் பகிர்வு என்கிறது. பார்ட்டிஷன் லத்தீன் வழி வந்த சொல். பிரிப்பது, பங்கு போடுவது என்று பொருள். வேர்க்கதை அவ்வளவுதான்.

பகிர்வு என்று எழுதுகிறவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. பகிர் என்றால் பழைய தமிழில் பங்கிடுவதுதான், அகராதியும் அப்படித்தான் சொல்லும். சரி, ஆனால் இன்றைக்கு வாட்ஸப்பில் பகிர் என்று அழுத்தினால் என்ன ஆகிறது? என்னிடம் இருப்பது உனக்கும் கிடைக்கிறது. பிரிப்பதற்கு நேர் எதிர்ப்பொருளில் ஊரே புழங்கும் சொல்லைப் பிரிப்பதற்கே வைத்தால் எப்படி?

அதுவும் ஐபிஎம் சர்வர்களில் ஓடும் ஏஐஎக்ஸ் (AIX) இயங்குதளத்தில் இது வெறும் சொல் சண்டை இல்லை. அங்கே பார்ட்டிஷன் இரண்டு வகை. எல்பார் (LPAR) என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு. 2007இல் 6.1 பதிப்போடு வந்த டபிள்யூபாரில் (WPAR) கெர்னல் ஒன்றே, எல்லாருக்கும் பொது. யூஎஸ்ஆர் (/usr), ஆப்ட் (/opt) என்ற அடைவுகள், அதாவது ஃபோல்டர்கள், வழக்கமாக மூல அமைப்பிலிருந்து படிக்க மட்டும் வரும், ஆனால் பிழைப் பதிவுக் கோப்பு கிடக்கிற வார் (/var) அடைவு அவரவருக்குத் தனி. எது பொது, எது தனி என்பதுதான் இங்கே விஷயமே, அதைப் போய் "பகிர்வில் பகிரப்பட்ட அடைவுகள்" என்று எழுதினால் படிக்கிறவன் என்னத்தைப் புரிந்துகொள்வான்?

நம்ம ஊரில் இதற்குச் சொல் இல்லாமலா போச்சு? தோட்டத்தைப் பங்காளிகள் பாகம் பிரிப்பார்கள், பத்திரத்தில் வடபாகம், தென்பாகம் என்று எழுதுவார்கள், கிணறு மட்டும் பொது, இந்தக் கிழமை உனக்குத் தண்ணி அடுத்த கிழமை அவனுக்கு என்று முறை வைப்பார்கள். டபிள்யூபார் அச்சு அசல் இதேதான். பிரிக்கிற வேலை பாகப்பிரிவினை, பிரிந்து வந்தது பாகம். "பாகத்துக்குள் நுழைந்து, எர்லாகர் (errlogger) கட்டளையால் பிழையேட்டில் ஒரு வரி எழுது; எர்ப்ட் (errpt) அடித்து ஏட்டைப் பார்" என்று எழுதினால் அந்தத் தம்பிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாகம் வடசொல் என்று ஒருவர் கிளம்புவார், கட்டாயம் கிளம்புவார். அவருக்குப் பகுப்பு என்று கொடுத்துவிடலாம், பகு என்ற வேர் நம்முடையது, எனக்கு ஆட்சேபமில்லை. பகுதி மட்டும் வேண்டாம், ஊர்ப் பகுதி, பாடப் பகுதி என்று அது ஏற்கெனவே நூறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபமெல்லாம் மொழிபெயர்க்கிறவர்கள் மேல்தான்: கட்டளையை ஒரு தடவையாவது அடித்துப் பார்க்காமல், சொற்பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்குப் பார்ட்டிஷன் என்றே விட்டிருந்தால்கூட நாங்கள் பிழைத்துக்கொண்டிருப்போம்.