உறைபனி விழுவதற்குள் பூத்தாக வேண்டும்

பாமீர் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 3000 மீட்டருக்கு மேலே, ஜிர்சன்கால் என்றொரு பழைய இடுகாடு இருக்கிறது. வயது சுமார் 2500 ஆண்டு. அங்கே கல்லறைகளைத் தோண்டியபோது மரத்தில் குடைந்த கிண்ணங்கள் கிடைத்தன. உள்ளே கருகிய கூழாங்கற்கள். கல்லை நெருப்பில் காய்ச்சிக் கிண்ணத்தில் போட்டு, மேலே எதையோ தூவிப் புகை எழுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலான கிண்ணங்களில் அந்த ‘எதையோ’ கஞ்சாதான் என்று 2019ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். டி.எச்.சி. என்ற போதைப்பொருள் சிதைந்தால் வருகிற கன்னபினால், கிண்ணத்தின் உட்புறத்தில் நிறைய ஒட்டியிருந்தது. சாதாரணக் காட்டுக் கஞ்சாவில் டி.எச்.சி. அவ்வளவு இருக்காது.

அப்படியானால் இந்தச் செடிக்கு அந்த வீரியம் எங்கிருந்து வந்தது? மனிதர்கள் பொறுக்கியெடுத்து வளர்த்ததாலா, உயரமான மலை அதை அப்படி மாற்றியதாலா? ஆய்வாளர்கள் இரண்டுக்கும் இடம் வைத்தார்கள். கஞ்சா வளர்ப்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வார்கள். மலைச்செடி என்றாலே தனி மவுசு. அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க வேண்டுமானால், ‘உயரம்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிரித்துப் போட வேண்டும். செடிக்கு உயரம் என்று ஒன்று தெரியாது. காற்றின் அழுத்தம் தெரியும், வெயில் தெரியும், குளிர் தெரியும், இரவின் நீளம் தெரியும்.

அதற்கு முன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். நாருக்கும் விதைக்கும் வளர்க்கிற ஹெம்ப்பும், போதைக்குப் பெயர்போன கஞ்சாவும் ஒரே இனம். பல நாடுகளின் சட்டம் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் ஹெம்ப், தாண்டினால் கஞ்சா என்று கோடு போடுகிறது. செடிக்கு அந்தக் கோடு தெரியாது. ஹெம்ப்பைத் தமிழில் சிலர் சணல் என்று எழுதுகிறார்கள். சணல் வேறு குடும்பத்துச் செடி, சாக்கு பின்னுகிற நார் அதிலிருந்து வருவது. எந்த ரகத்தை எங்கே வளர்க்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கே நம் கவனம் செடியின் மேல் மட்டும்.

இந்தச் செடிக்கு மலை புதிதல்ல. புதைபடிவ மகரந்தங்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, இதன் பிறப்பிடம் திபெத்தியப் பீடபூமியின் வடகிழக்கு மூலை, சிங்ஹாய் ஏரிப் பக்கம் என்கிறது. இன்று அந்த ஏரி சுமார் 3200 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது.

சரி, முதலில் காற்று. 3000 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் சுமார் 70 சதவீதம்தான். காற்றில் கரியமில வாயுவின் விகிதம் மேலேயும் அதேதான். ஆனால் காற்றே மெலிந்துபோனதால் ஒரு கன மீட்டரில் கிடைக்கிற வாயு குறைவு. ஒளிச்சேர்க்கைக்கு மூலப்பொருள் அதுதானே, அப்போது செடி பட்டினி கிடக்க வேண்டும் என்று தோன்றும். அவ்வளவு கிடப்பதில்லை. இதற்கு இரண்டு காரணம் இருக்கிறது, இரண்டுமே எனக்குப் பிடித்தவை.

மெலிந்த காற்றில் வாயு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவது குறைவு. கூட்டமில்லாத தெருவில் நடப்பது போல, அவை வேகமாகப் பரவி இலைத்துளைக்குள் நுழைந்துவிடுகின்றன. அடுத்தது ருபிஸ்கோ. இலைக்குள் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கிற நொதி இதுதான். இது கொஞ்சம் கவனக்குறைவான வேலையாள். கரியமில வாயு என்று நினைத்து அவ்வப்போது ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அந்தத் தவறைச் சரிசெய்யச் செடி ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். மலைமேல் ஆக்சிஜனும் குறைவு, குளிரும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் தவறு குறைகிறது. இழந்ததில் ஒரு பகுதி இப்படித் திரும்பக் கிடைக்கிறது.

ஆனால் வாயு உள்ளே வருவது எளிதானால் நீராவி வெளியே போவதும் எளிதாகிறது. கதவு ஒன்றுதான். மலைக்காற்று பெரும்பாலும் வறண்டது, வீச்சும் அதிகம். நண்பகல் வெயிலில் இலை சூடாகி, சுற்றியுள்ள குளிர்ந்த காற்றுக்கு நீரை அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குளிர்ந்த இடம், தண்ணீர் கம்மியாகப் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மேல்மண் வறண்டு இலை துவளும்போது தெர்மாமீட்டர் 18 டிகிரிதான் காட்டும். மண்ணின் மேல் வைக்கோலோ சருகோ பரப்பி மூடுவதும், வேர் ஆழமாக இறங்கும்படி மண்ணை இளக்கி வைப்பதும் மலையில் அவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

அடுத்து வெயில். உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் தோராயமாக 10 சதவீதம் கூடும். அதில் 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான பகுதிக்குப் புற ஊதா-பி என்று பெயர். டி.என்.ஏ.வை அடிக்கிற கதிர் இது. மிருகம் என்றால் நிழலுக்கு ஓடலாம். செடி ஓட முடியாது, அதனால் அந்தக் கதிரை உணர்கிற புரதம் ஒன்றை வைத்திருக்கிறது: யு.வி.ஆர்.8. இந்தக் கதிரை உணரும் கருவி இதுதான் என்று 2011ல் உறுதியானது. சாதாரண நேரத்தில் இரண்டு யு.வி.ஆர்.8 மூலக்கூறுகள் கைகோத்துக்கொண்டு நிற்கும். புற ஊதா-பி பட்டதும் கை விடுபடும். தனித்தனியான மூலக்கூறுகள் செல்லின் உட்கருவில் சேர்ந்து, ஃபிளேவனாய்டு தயாரிக்கிற மரபணுக்களை முடுக்கிவிடும். இலையின் மேல்தோலில் ஃபிளேவனாய்டு படிந்து கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. செடி தானே பூசிக்கொள்கிற சன்ஸ்கிரீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைச்செடிகள் குட்டையாக, கணுக்கள் நெருங்கி நிற்பதிலும் இந்தக் கதிருக்குப் பங்கு உண்டு.

இங்கேதான் மலைக் கஞ்சாவின் பெரும்புகழ் தொடங்குகிறது. பெண் பூவின் சிற்றிலையை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால், மெல்லிய காம்பின் மேல் கண்ணாடி உருண்டை உட்கார்ந்தது போல நூற்றுக்கணக்கான சுரப்பிகள் தெரியும். இளமையில் தெளிவாக, முற்ற முற்றப் பால் நிறமாக, கடைசியில் தேன் நிறமாக மாறும். டி.எச்.சி.யின் மூலப்பொருளும், வாசனை தருகிற டெர்ப்பீன்களும் அந்த உருண்டையில்தான் சேர்கின்றன. டி.எச்.சி. புற ஊதா-பியை உறிஞ்சக்கூடியது. ஆகவே இதுவும் ஒரு சன்ஸ்கிரீன், வெயில் கூடக்கூட டி.எச்.சி. கூடும் என்ற கருத்தை 1983ல் டேவிட் பேட் என்பவர் முன்வைத்தார். 1987ல் கண்ணாடிக் கூண்டுக்குள் புற ஊதா விளக்கு வைத்துச் சோதித்தபோது, போதை ரகத்தில் டி.எச்.சி. கூடியது; நார் ரகத்தில் கூடவில்லை. அந்த ஒரு சோதனையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ விதை விளம்பரங்கள் பிழைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் 2021ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இன்றைய ரகங்களின் மேல் புற ஊதாவைப் பாய்ச்சிப் பார்த்தபோது வீரியமும் கூடவில்லை, விளைச்சலும் கூடவில்லை. இலைகளுக்குக் காயம்தான் மிச்சம்.

விளக்கு மலை ஆகாது என்று யாராவது வாதாடலாம், நியாயமான வாதம்தான். மலையில் புற ஊதா தனியாக வருவதில்லை, குளிரோடும் காற்றோடும் சேர்ந்தே வருகிறது. என் கணிப்பைக் கேட்டால், டி.எச்.சி. எவ்வளவு என்பதை முதலில் தீர்மானிப்பது விதையின் மரபணு. மலை அதில் சின்னத் திருத்தம் செய்யலாம், அவ்வளவுதான்.

உயரத்தில் கஞ்சாவின் தலையெழுத்தை எழுதுவது பகல் இல்லை, இரவு. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி இறங்கும். அதோடு மலையின் மெல்லிய, வறண்ட காற்று இரவில் போர்வையாக உதவாது. மேகமில்லாத இரவில் இலை தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றையும்விடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துபோகும். தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டுகிற காலையில் இலைமேல் உறைபனி பூத்திருப்பது இப்படித்தான்.

அந்த இலைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். செல்லுக்குள் உப்பும் சர்க்கரையும் கரைந்த நீர் எளிதில் உறையாது. செல்களுக்கு இடையே உள்ள நீர்தான் முதலில் பனிக்கட்டியாகும். அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கிற நீரை உறிஞ்சி உறிஞ்சிப் பெருகும். செல் சுருங்கும், சவ்வு கிழியும். விடிகாலையில் இலை விறைப்பாக, அழகாகக்கூட இருக்கும். வெயில் பட்டு ஒரு மணி நேரத்தில் வெந்நீர் ஊற்றியது போலக் கருத்துத் தொங்கிவிடும். மெல்ல மெல்லக் குளிர்ந்துவரும் இலையுதிர் காலத்தில் செடிக்குத் தயாராக அவகாசம் கிடைக்கும். செல்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு லேசான உறைபனியைத் தாங்கும். திடீரென்று விழுந்தால் தாங்காது.

குளிர் இன்னொரு வேடிக்கையும் செய்யும். ஆந்தோசயனின் என்ற நிறமி கூடி, சில ரகங்களின் இலையும் பூவும் ஊதாவாகிவிடும். பார்க்க அருமை, அதை வீரியத்தின் அடையாளம் என்று நம்புகிறவர்கள் உண்டு. நிறத்துக்கும் டி.எச்.சி.க்கும் சம்பந்தமில்லை. சில சமயம் குளிர்ந்த மண்ணில் வேரால் பாஸ்பரசை எடுக்க முடியாமல் போவதாலும் இலை ஊதாவாகும். அது நோய், அழகு இல்லை.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். கஞ்சா இரவின் நீளத்தை அளந்து பூக்கிற செடி. ரகத்தைப் பொறுத்து, பகல் 13 அல்லது 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால்தான் பூக்கத் தொடங்கும். உயரம் எவ்வளவானாலும் பகலின் நீளம் மாறாது. அதைத் தீர்மானிப்பது அட்சரேகை. வடக்கே 35 டிகிரியில் உள்ள ஒரு மலைச்சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையின் மிக நீண்ட பகல் அங்கே பதினான்கரை மணி நேரம். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டுக்குள்தான் செடிக்குப் பூக்கும் சைகை கிடைக்கும். பூ முற்ற இன்னும் 7 முதல் 9 வாரம். வெப்பமண்டல ரகம் என்றால் 12 வாரத்தையும் தாண்டும். அதே அட்சரேகையில் சமவெளியில் இருப்பவர் அக்டோபர் கடைசி வரை சாவகாசமாகக் காத்திருக்கலாம். மலையில் செப்டம்பரிலேயே உறைபனி வந்து நிற்கும். சைகை ஒரே நாளில் வருகிறது, கெடு மட்டும் முன்னால் நகர்ந்துவிடுகிறது. மலையில் தோற்றுப்போன பயிர்களில் பலவும் சத்துக் குறைவால் தோற்றவை அல்ல, இந்தக் கணக்கில் தோற்றவை.

ஆகவே உயரத்தில் முதல் கேள்வி, எந்த உரம் என்பதல்ல, எந்த விதை என்பதுதான். சீக்கிரம் பூத்துச் சீக்கிரம் முற்றுகிற ரகம் வேண்டும். இரவின் நீளத்தைப் பார்க்காமல், முளைத்துச் சில வாரங்களானதும் தானே பூத்துவிடுகிற செடிகளும் உண்டு. 1924ல் ருடராலிஸ் என்று பெயரிடப்பட்ட ரஷ்யக் காட்டுக் கஞ்சாவிலிருந்து அந்தக் குணம் வந்தது. கோடை குறுகிய நாட்டில் பிழைக்கச் செடி கண்டுபிடித்த வழி அது. செடி சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் உறைபனிக்கு முன் வேலையை முடித்துவிடும்.

இரண்டாவது கேள்வி, எந்தச் சரிவு என்பது. குளிர்ந்த காற்று கனமானது; இரவில் தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும். அதனால் மலையடிவாரத்துத் தட்டை நிலத்தைவிட நடுச்சரிவு இரவில் வெதுவெதுப்பாக இருக்கும். வடக்கு அரைக்கோளத்தில் தெற்குப் பார்த்த சரிவு நல்லது. செடிக்குப் பின்னால் ஒரு கல்சுவர் இருந்தால் பகல் வெயிலைக் குடித்து வைத்து இரவில் மெல்லக் கக்கும். தண்ணீர் நிரப்பிய கறுப்பு டிரம் அதைவிட நன்றாகச் செய்யும். மின்சாரமே வேண்டாம்.

மின்சாரம் என்றதும் இந்தப் பயிரின் சங்கடமான பக்கம் நினைவுக்கு வருகிறது. உலகின் பல இடங்களில் கஞ்சா இப்போது விளக்கின் கீழ், மூடிய கட்டடத்துக்குள் வளர்கிறது. ஒரு கிலோ உலர்ந்த பூவுக்கு 2283 முதல் 5184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு இணையான மாசு என்று 2021ல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவுக்குக் கணக்குப் போட்டார்கள். வெளிக்காற்றைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஈரத்தை எடுக்கவுமே பெரும் ஆற்றல் போகிறது. மலைமேல் இன்னொரு தொல்லை: 3000 மீட்டரில் காற்றின் எடை கால்வாசி குறைவு, அதனால் அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் கால்வாசி வெப்பத்தைக் குறைவாகவே வெளியேற்றும். மேலே வெயில் அவ்வளவு கொட்டிக் கிடக்கும்போது சுவர் எழுப்பி விளக்கு போடுவது எனக்கு விநோதமாகத்தான் படுகிறது.

வெளியில் வளர்த்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. மொராக்கோவின் ரிஃப் மலையைப் பாருங்கள். அங்கே தலைமுறைகளாக விதைத்துவந்தது பெல்டியா என்ற நாட்டு ரகம். குட்டைச் செடி, விளைச்சல் சுமார்தான். ஆனால் குளிர்கால மழையின் ஈரத்தில் முளைத்து, கோடை முற்றுவதற்குள் அறுவடைக்கு வந்துவிடும். பிறகு வெளிநாட்டுக் கலப்பின விதைகள் வந்தன. விளைச்சலும் வீரியமும் பல மடங்கு, கூடவே கோடை முழுக்கத் தண்ணீர். கிணறுகள் ஆழமாயின, குளங்கள் வெட்டப்பட்டன. காட்டை அழித்துச் செங்குத்துச் சரிவில் பயிரிட்டதில் மண்ணும் மழையோடு அரித்துப் போனது. 2021ல் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் சாகுபடியை அந்த நாடு சட்டப்படி அனுமதித்த பிறகு, பெல்டியாவுக்கு மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது.

பெல்டியா போன்ற ஒன்று உருவாக ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஒவ்வோர் ஆண்டும் தண்ணீரில்லாமல் காய்ந்தவை, பனிக்குத் தப்பாதவை எல்லாம் விதை கொடுக்காமல் போயின. பிழைத்தவற்றின் விதையை விவசாயி எடுத்து வைத்தார். செடியின் கடிகாரம் சில தலைமுறைகளில் அந்த மலைக்கு ஏற்பத் திருகப்பட்டுவிட்டது. பாமீர் கிண்ணங்களில் புகைந்த செடியையும் இப்படித்தான் மலையும் மனிதனுமாகச் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்களோ என்று யோசிக்கத் தோன்றுகிறது.

ஆனால் அப்படி உருவான ரகத்தைக் கலப்பில்லாமல் காப்பாற்றுவது லேசில்லை. கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. மகரந்தத்தைச் சுமப்பது காற்று. பக்கத்துச் சரிவில் கலப்பினம் இருந்தால், அதன் மகரந்தம் இங்கே வந்துவிடும். நடுவில் ஒரு மலைமுகடு இருந்தால் போதுமே என்று கேட்கலாம். ரிஃப் மலையில் உதிர்ந்த கஞ்சா மகரந்தம், மத்தியதரைக் கடலைத் தாண்டி, ஸ்பெயினின் தென்கரையில் வைத்திருக்கிற மகரந்தப் பொறிகளில் விழுந்திருக்கிறது.