விக்னெட்டிங் என்னும் ஓரமங்கல்

நுண்ணோக்கியில் எடுத்த படத்தின் நடுப்பகுதி தெளிவாக இருக்க, மூலைகளை நோக்கிப் போகப் போக வெளிச்சம் குறைந்துகொண்டே வருவதை ஆய்வுக்கூடங்களில் விக்னெட்டிங் என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் ‘வீஞ்’ என்பது திராட்சைக்கொடி. ‘வின்யெட்’ அதன் குறுமை வடிவம். பழைய நூல்களின் பக்க ஓரங்களில் வரைந்த கொடி அலங்காரத்துக்கு ஆகிவந்த அப்பெயர், பிறகு கட்டமில்லாமல் விளிம்பு தாளோடு கரையும்படி அச்சிட்ட சிறு படங்களுக்கும், 19ஆம் நூற்றாண்டில் ஓரம் கரையும்படி எடுத்த உருவப்படங்களுக்கும் வழங்கியது. அழகுக்காகச் செய்ததன் பெயரே பின்னர் ஒளியியல் குறையின் பெயராயிற்று. நல்லமிளகுக் கொடியைப் பார்த்து வளர்ந்த குமரிக்காரர்களுக்குக் கொடி புரியும். அதற்கும் இருண்ட மூலைக்கும் உள்ள உறவுதான் சொன்னால் ஒழியப் புரியாது.

ஆகவே ‘கொடியாக்கம்’ என்று நேராகப் பெயர்ப்பதில் பயனில்லை. ‘மூலையிருட்டு’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை, ஏனெனில் அங்கே இருட்டு இல்லை, மங்கல்தான் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சில் வெளிச்சத்தை ‘வெட்டம்’ என்போம். அதை வைத்துச் சொல் சமைக்க ஆசைதான், ஆனால் மாவட்டத்துக்கு வெளியே அது விளங்காது. இடத்தையும் படிப்படியான குறைவையும் ஒருங்கே சொல்வதால் ‘ஓரமங்கல்’ என்பதே பொருத்தம்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை ஸ்லைடில் தூவி, அடியிலிருந்து ஒளி பாய்ச்சிப் பார்த்தால், இல்மனைட் என்னும் கனிமத்தின் துகள் ஒளியை விடாமல் எங்கிருந்தாலும் கறுப்பாகத் தெரியும். கார்னெட் என்னும் கனிமம் இளஞ்சிவப்பாக ஒளியை விடும். அந்தக் கார்னெட் துகளையே மூலைக்கு நகர்த்தினால் அது பழுப்பேறிக் கறுக்கும். படம் முழுவதற்கும் ஒரே வாசல் அளவை, அதாவது இதற்குக் கீழே போனால் கறுப்பு என்று பிரிக்கும் ஒளியளவை, வைத்து எண்ணும் மென்பொருள் அதை இல்மனைட் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். கண் இதைப் பிடிக்காது. மெதுவான மாற்றத்தை அது பொறுத்துக்கொண்டு போய்விடும்.

சோதிக்க, துகள் இல்லாத வெற்று ஸ்லைடைப் படமெடுத்து, இமேஜ்ஜே போன்ற மென்பொருளில் மூலைக்கு மூலை ஒரு கோடிழுத்து, அக்கோட்டின் மீதான ஒளியளவை வரைபடமாகப் பெற வேண்டும். 8 பிட் படத்தில் அளவு 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெளிச்சம்) வரை ஓடும். கோடு சமதளமாக இருந்தால் சீரொளி. நடுவில் குன்றுபோல் உயர்ந்து இருபுறமும் சரிந்தால் ஓரமங்கல். உச்சி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் அது பெரும்பாலும் விளக்கோ, ஒளியைக் குவித்து ஸ்லைடுக்கு அனுப்பும் கண்டென்சர் வில்லையோ நடுவில் அமையாத கோளாறு. அதற்கு ‘ஒளிச்சாய்வு’ என்று தனிப்பெயர் வேண்டும். வரைபடம் 255இலேயே தட்டையாக நின்றால் மகிழக் கூடாது, ஒளி மிகுந்து அளவு முட்டிப்போனதால் மங்கல் மறைந்திருக்கிறது என்று பொருள்.

பார்வைப்பரப்பு முழுவதும் ஒளி சீராகப் பரவும்படி 1893இல் ஆகஸ்ட் கோலர் வகுத்த ஒளியமைப்பு முறைப்படி கண்டென்சரைச் சரிசெய்வதே முதல் மருந்து. மிஞ்சியதற்கு, மணல் படத்தை வெற்றுப் படத்தால் வகுத்து, வெற்றுப் படத்தின் சராசரியால் பெருக்க வேண்டும். ஓரமங்கல் ஒளியை ஒரு விகிதத்தில் குறைப்பதால் வகுத்தல்தான் சரி. கழித்தால் மூலைக் கார்னெட்டின் நிறம் திரும்பாது.