வேலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு ஈரான் எம்மாத்திரம்?

"ஈரானுக்குப் போகிறோம். அங்கே இப்போது எத்தனை டிகிரி?"

இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. இருந்தும் கேட்கிறார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் செல்போனில் டெஹ்ரான் என்று தட்டி, வந்த எண்ணை நம்பிப் பத்து நாளைக்கும் பெட்டி கட்டிவிடுகிறார்கள். அப்புறம் மாசூலே மலைக்கிராமத்துப் பனிமூட்டத்தில் அரைக்கைச் சட்டையோடு நடுங்குவதும், கெஷ்ம் தீவில் கம்பளிக் கோட்டைக் கையில் சுமப்பதும் வழக்கமாகிவிட்டது. பயணத் திட்டம் போட்டுத் தருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. (வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கையை முதலில் பாருங்கள். போகலாம் என்று இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.)

ஈரானின் பரப்பு சுமார் 16.5 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவில் பாதி. வடக்கே அல்போர்ஸ் மலை, மேற்கே சாக்ரோஸ் மலை, நடுவில் உயரமான வறண்ட பீடபூமி. ஊரின் பெயரைவிட அதன் உயரம்தான் முக்கியம். ஷிராஸும் இஸ்ஃபஹானும் ஏறக்குறைய ஏற்காட்டின் உயரத்தில் இருக்கின்றன. ஷஹ்ர்-எ-கோர்த் கிட்டத்தட்ட கொடைக்கானல். பந்தர் அப்பாஸோ கடல்மட்டம். டெஹ்ரானுக்குள்ளேயே தெற்கு ஓரம் 1,100 மீட்டர், வடக்கு ஓரம் 1,700 மீட்டர். தெற்கே மழைத்தூறலில் மெட்ரோ ஏறி வடக்கே தஜ்ரீஷில் இறங்கினால் பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

டெஹ்ரானிலிருந்து சாலூஸ் சாலையில் வடக்கே போனால் கந்தோவான் சுரங்கம் வரும். இந்தப் பக்கம் மொட்டை மலை, அந்தப் பக்கம் மூடுபனியும் காடும். காஸ்பியன் கடலின் ஈரக்காற்றை மலை தடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். கரையில் இருக்கும் அன்சாலியில் வருடத்துக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை; சென்னையைவிட அதிகம். பாலைவன ஊரான யஸ்தில் சுமார் 50 மில்லிமீட்டர்தான். "பாலைவன நாட்டுக்குக் குடை எதற்கு?" என்று சிரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும். குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் இந்தச் சாலையை மூடுவதும் உண்டு. அதே நாள் மாலை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு இந்த வழியாகத் திரும்பாதீர்கள்.

இனி, எரிச்சலின் உச்சத்துக்கு வருவோம். "நாங்கள் பார்க்காத வெயிலா? வேலூரில் 42 டிகிரி பார்த்தவர்கள்."

ஐயா, 42 எல்லாம் ஒரே 42 இல்லை. மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று காய்ந்திருந்தால் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். புழுக்க நாளில் பானை வியர்த்து நிற்குமே தவிர, தண்ணீர் குளிராது. உங்கள் உடம்பும் அந்தப் பானைதான். ஜூலை மாத யஸ்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே கிடக்கும். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், சட்டை நனையாது. "வியர்க்கவே இல்லை, சுகமாக இருக்கிறது" என்று சுற்றுவார்கள். மாலையில் தலைவலி, மஞ்சள் அடர்ந்த சிறுநீர், மூக்கில் ரத்தம். அங்கே தாகத்துக்குக் காத்திருக்கக் கூடாது. வெயிலில் நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டராவது குடியுங்கள். நாள் முழுக்க வெறும் தண்ணீராகவே ஊற்றிக்கொண்டால் உடம்பில் உப்பு குறையும். நடுவில் ஓஆர்எஸ் வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குலுக்குகிறவர்களை எத்தனை தடவை தடுப்பது!

வளைகுடாக் கரையில் கதை தலைகீழ். பந்தர் அப்பாஸிலும் கெஷ்மிலும் கோடையில் வியர்வை கொட்டும், காயாது, உடம்பு குளிராது. 2015 ஜூலை 31 அன்று பந்தர் மாஷஹரில் காற்று 46 டிகிரி, டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை; அது ஏற ஏறப் புழுக்கம்) 32. உடலுக்கு அது 74 டிகிரி போல இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். சென்னைப் புழுக்கத்தில் டியூ பாயின்ட் 25, 26 என்றாலே நமக்கு மூச்சு முட்டுகிறது. இந்தக் கரைக்கு நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். மே முதல் செப்டம்பர் வரை வயதானவர்களையும் குழந்தைகளையும் தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள். பெண்கள் தலைமுக்காட்டுக்குப் பாலியஸ்டர் வேண்டாம், மெல்லிய பருத்தி எடுங்கள்.

லூத் பாலைவனத்தில் 70 டிகிரி என்று விளம்பரங்களில் வருமே, அது 2005இல் செயற்கைக்கோள் அளந்த தரையின் சூடு, காற்றின் சூடு இல்லை. அதற்காக ரப்பர் செருப்போடு இறங்கிவிடாதீர்கள், மூடிய ஷூ போடுங்கள். குளிர்காலத்தில் அதே பாலைவனத்தின் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். கிழக்கே சீஸ்தானில் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை "120 நாள் காற்று" மண்ணை வாரி அடிக்கும். ஆஸ்துமா இருந்தால் அந்த மாதங்களில் அந்தப் பக்கமே வேண்டாம்.

டெஹ்ரான் தோச்சால் ரோப் கார் சுமார் 1,900 மீட்டரில் கிளம்பி 3,700 மீட்டரைத் தாண்டி ஏறுகிறது. சென்னையிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே ஏறித் தலைசுற்றி உட்காருவது தேவையா? இரண்டு மூன்று நாள் கழித்துப் போங்கள். தலைவலித்தால் இறங்கிவிடுங்கள்.

தப்ரீஸ், ஹமதான் பக்கம் குளிர்காலம் என்றால் தெருவெல்லாம் பனி உறைந்து வழுக்கும். பிடிப்புள்ள ஷூ வேண்டும். ஆனால் வீட்டுக்குள் ஹீட்டர் அனல் பறக்கும். ஒரே தடிக் கோட்டுக்குப் பதில் மெல்லிய உடைகளாக மூன்று அடுக்கு போட்டால் கழற்றி மாட்ட வசதி.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் நனைத்துக் குளிர வைக்கும் பை யஸ்தில் நன்றாக வேலை செய்யும்; பந்தர் அப்பாஸில் செய்யாது. அங்கே ஓட்டல் ஃபிரிட்ஜும் ஐஸ் பெட்டியும்தான் வழி. ஐஸ் கட்டியில் நேராகப் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். குளிர்காலத்தில் பஸ்ஸின் அடியில் போடும் பெட்டிக்குள் வைத்தால் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும், குப்பைக்குத்தான்.