மோதல் எச்சரிக்கை விளக்கு: சிவப்பு வந்தால் பிரேக், மஞ்சள் வந்தால் துணி

பெரும்பாலான கார்களில் மோதல் எச்சரிக்கை விளக்கு சிவப்பில் மின்னி 'பீப்' அடித்தால், ஆபத்து சாலையில் இருக்கிறது. மஞ்சளில் நின்று எரிந்தால், அந்த அமைப்பு வேலை செய்யவில்லை அல்லது யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள்.

முன் பம்பர் பகுதியில் இருக்கும் ரேடார், முன்வண்டியின் தூரத்தையும் நாம் அதை நெருங்கும் வேகத்தையும் அளக்கிறது. முன்கண்ணாடியின் உச்சியில் இருக்கும் கேமரா, எதிரில் இருப்பது காரா, பைக்கா, ஆளா என்று பார்க்கிறது. சில கார்களில் கேமரா மட்டும்தான். நீங்கள் 90 கி.மீ. வேகத்தில் போக, முன்னால் லாரி 36 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், வினாடிக்கு 15 மீட்டர் நெருங்குகிறீர்கள். இடைவெளி 30 மீட்டர் என்றால் மிச்சம் 2 வினாடி. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அதில் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் டாஷ்போர்டைப் பார்க்காதீர்கள். சாலையைப் பார்த்து பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் அதிரும், காலை எடுக்க வேண்டாம். தானாக பிரேக் பிடிக்கும் வசதி இருந்தாலும் காத்திருக்காதீர்கள். பல நேரம் அது வேகத்தைக் குறைக்கும், மோதலைத் தடுக்காது.

வளைவில் ஓரமாக நிற்கும் வண்டியைப் பார்த்தும் சில சமயம் சிவப்பு மின்னும். எரிச்சல்பட்டு அணைத்துவிடாமல், மெனுவில் எச்சரிக்கை தூரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

மஞ்சளுக்குப் பெரும்பாலும் காரணம் அழுக்குதான். வண்டியை ஓரம்கட்டி, பம்பரின் ரேடார் பகுதியையும் கேமராவுக்கு முன்னுள்ள கண்ணாடியையும் ஈரத்துணியால் துடையுங்கள். கனமழையிலும், எதிர்வெயில் கேமராவில் அடிக்கும்போதும் எரிந்தால் தானே அணைந்துவிடும். துடைத்தும், இஞ்சினை அணைத்துப் போட்டும் போகவில்லை என்றால் ஒர்க்ஷாப்புக்கு விடுங்கள். ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது ரிப்பேருக்குப் பிறகுதான். ரேடார் 1 டிகிரி திரும்பியிருந்தால், 100 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை சுமார் 1.75 மீட்டர் விலகிவிடும்; பக்கத்து லேன் வண்டியை உங்கள் லேனில் போவதாக எண்ணிக்கொள்ளும். ரேடாருக்கு முன்னால் பம்பரில் தடிமனாகப் பட்டி பூசினாலும், இரும்புத் தடுப்புக் கம்பி (கார்டு) மாட்டினாலும் அலை தடைபடும். முன்கண்ணாடி மாற்றினாலோ, பம்பரைக் கழற்றி மாட்டினாலோ, கேமராவும் ரேடாரும் நேராகப் பார்க்கும்படி சரிசெய்யும் கேலிபிரேஷனைச் செய்தார்களா என்று கேட்டு, அது பில்லில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.