கடைக்குச் சிறுவனை அனுப்பிச் சோதிக்கலாமா? 21 வயது விதியும் சோதனைக் கொள்முதலும்

டாஸ்மாக் கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாட்டில் கொடுக்கிறார்கள் என்று மனு எழுதப் போனால், ஆதாரம் என்ன என்ற கேள்விதான் முதலில் எழும். அந்தக் கேள்விக்கு விடை தேடும் பெற்றோருக்கும் இளைஞர் மன்றத்தினருக்கும், தருமபுரியானாலும் கிருஷ்ணகிரியானாலும், ஒரு யோசனை எளிதில் தோன்றும். 16 அல்லது 17 வயதுப் பையன் ஒருவனிடம் பணம் கொடுத்துக் கடைக்கு அனுப்பி, அவன் பாட்டிலோடு திரும்பி வருவதைக் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டால் யாராலும் மறுக்க முடியாதே என்பதுதான் அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி, அந்தப் பையனை அனுப்பியவர் மேலேயே வழக்கு வர இடமுண்டு என்பதால், அந்தக் காரியத்தில் இறங்கும் முன் விதிகளைத் தெரிந்துகொள்வது அவசியம்.

தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21. டாஸ்மாக் கடைகளையும் அவற்றை ஒட்டிய பார்களையும் நெறிப்படுத்தும் 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள், 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது என்கின்றன. இந்த விதிகளுக்குத் தாய்ச் சட்டமாக இருப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. அப்போது இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. மதுவிலக்கை முதலில் கண்ட இந்த மண்ணில், வயது வரம்பு ஒன்றையாவது ஒழுங்காகக் காக்க வேண்டும் என்று கேட்பதற்கு நமக்குக் கூடுதல் உரிமை இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

வாங்குபவர் 18 வயது நிறையாதவர் என்றால் இன்னொரு சட்டமும், அதுவும் மிகக் கடுமையான சட்டம், குறுக்கே வருகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு, குழந்தைக்கு மதுவையோ போதைப்பொருளையோ புகையிலையையோ கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தகுதி பெற்ற மருத்துவரின் உத்தரவு மட்டுமே இதற்கு விதிவிலக்கு. மதுவை விற்கவோ, சுமக்கவோ, கொண்டுபோய்க் கொடுக்கவோ, கடத்தவோ குழந்தையைப் பயன்படுத்துபவருக்கும் அதே அளவு தண்டனையை 78ஆவது பிரிவு சொல்கிறது. கடையைச் சோதிப்பதற்காகத்தான் அனுப்பினேன் என்ற விளக்கத்துக்கு இந்த இரு பிரிவுகளிலும் இடம் ஒதுக்கப்படவில்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு மகனிடம் காசு கொடுத்து ‘ஒரு குவார்ட்டர் வாங்கிட்டு வாடா’ என்று அனுப்பும் தகப்பனும் இதே பிரிவுகளின் கீழ் வரக்கூடியவர் என்பது நம் ஊர்களில் பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால், வயது குறைந்த தன்னார்வலர்களைக் கொண்டு கடைகளைச் சோதிக்கும் முறை வேறு நாடுகளில் எப்படி நடக்கிறது? சோதனைக் கொள்முதல் எனப்படும் அந்த முறைக்கு அங்கே சட்டமே வழி திறந்து வைத்திருக்கிறது. மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டிய இங்கிலாந்தில், அந்த வயதுக்குக் குறைந்தவர் மது வாங்குவதே குற்றம். ஆயினும் காவலரோ எடையளவு ஆய்வாளரோ தம் பணியின் பொருட்டுக் கேட்டுக்கொண்டு அவர் வாங்கினால் அது குற்றமாகாது என்று 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. பெற்றோரின் ஒப்புதலைப் பெற்று, அதிகாரி கண்பார்வையில் இருக்க, தன் வயதுக்கு மேல் தோன்றும்படி உடுத்தாத பிள்ளை ஒன்று கடைக்குள் போய்ப் பொருளைக் கேட்கும். கடைக்காரர் மறுத்தால் மன்றாடாமல் திரும்பிவிடும். விற்றுவிட்டால் பாட்டில் உடனே அதிகாரி கைக்குப் போய்விடும். தொடர்ந்து 3 மாதங்களுக்குள் இரண்டு முறை இப்படி விற்றது உறுதியானால், அந்தக் கடையின் மது விற்பனை உரிமத்தை 3 மாதம் வரை நீதிமன்றம் நிறுத்தி வைக்கலாம்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், ஏனெனில் அங்கும் வரம்பு 21 வயதுதான். வயது குறைந்தவரை அனுப்பிப் பிடிப்பது வியாபாரியைச் சிக்க வைக்கும் சூழ்ச்சி என்று வியாபாரிகள் தொடுத்த வழக்கில், அது முறையான நடவடிக்கையே என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. ஆனால் வியாபாரிக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பின்னர் தெளிவான வரைமுறைகள் வகுக்கப்பட்டன. அனுப்பப்படுபவர் 20 வயதுக்குக் குறைந்தவராக இருக்க வேண்டும். பார்வைக்கும் 21 வயது ஆகாதவராகவே தோன்ற வேண்டும். வயதைக் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். அடையாள அட்டை வைத்திருந்தால், கேட்டவுடன் அதைக் காட்ட வேண்டும், அதில் உண்மையான பிறந்த தேதியே இருக்க வேண்டும். விற்பனை முடிந்தபின், தனக்கு விற்றவர் இவர்தான் என்று அவர் நேருக்கு நேர் அடையாளம் காட்ட வேண்டும். இவற்றில் பொய் சொல்லாமை என்ற நிபந்தனையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் வாங்குபவர் பொய் சொல்லி ஏமாற்றினால் விற்பவரின் கவனக்குறைவு நிரூபணம் ஆகாது.

இந்த முறையின் அடிப்படை நமக்குப் புதிதல்ல. ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டைப் புகார்தாரரிடம் கொடுத்தனுப்பி, லஞ்சம் வாங்கும் அலுவலரை லஞ்ச ஒழிப்புத் துறையினர் கையும் களவுமாகப் பிடிக்கும் செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். சாட்சி, பதிவேடு, அதிகாரியின் மேற்பார்வை ஆகிய மூன்றும் இருப்பதால்தான் அது வழக்காக நிற்கிறது. தனி ஆட்கள் எடுத்த கைப்பேசிப் படத்துக்கு அந்த வலு வருவது கடினம். அதற்கும் மேலாக, ஒரு சிறுவனின் முகம் சமூக ஊடகங்களில் ஊரெங்கும் பரவிவிடும்.

சட்டத்தை ஊன்றிப் படித்தால் இங்கேயே ஒரு வழி இருப்பது புலப்படும். இளைஞர் நீதிச் சட்டம் 18 வயது நிறையாதவரைத்தான் குழந்தை என்கிறது. மது விற்பனை விதியோ 21 வயது வரை தடை விதிக்கிறது. இடைப்பட்ட 18, 19, 20 வயதினர் மது வாங்கக் கூடாதவர்கள், ஆனால் குழந்தைகளும் அல்லர். தாமே எழுதிக் கையொப்பமிட்டு ஒப்புதல் தரத்தக்கவர்கள். கலால் துறையின் எழுத்துப்பூர்வமான ஆணையோடு, அதிகாரி உடனிருக்க, இந்த வயதுக் கல்லூரி மாணவர்களையும் ஓசூர் சிப்காட் பகுதியில் வேலை பார்க்கும் இளைஞர்களையும் தன்னார்வலர்களாகக் கொண்டு அரசே சோதனைக் கொள்முதல் நடத்தினால், எந்தக் குழந்தையையும் மதுக்கடை வாசலில் நிறுத்தாமலேயே 21 வயது விதி காக்கப்படுகிறதா என்று கண்டறியலாம். இப்படியொரு நடைமுறையை அரசு விதியாகவே வகுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 20 வயது இளைஞரிடம் வயதைக் கேட்டு அட்டை பார்க்கும் கடை, 15 வயதுப் பையனை நிச்சயம் திருப்பி அனுப்பும்.

இதில் விற்பனையாளர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று, முண்டியடிக்கும் கூட்டத்தில் நீளும் கைகளுக்குப் பாட்டில் கொடுக்கிறவர், முகம் பார்த்து வயதைக் கணிப்பது எளிதல்ல. ஸ்காட்லாந்தில் 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் யாரிடமும் அடையாள அட்டை கேட்டாக வேண்டும் என்ற விதி 2011 முதல் நடப்பில் உள்ளது. அதுபோன்ற எழுத்துபூர்வமான கட்டளை இருந்தால், அட்டை கேட்டதற்காகத் தகராறு செய்பவரிடம் ‘இது மேலிடத்து உத்தரவு’ என்று விற்பனையாளர் சொல்ல முடியும். தனியார் வசமுள்ள மனமகிழ் மன்றங்களிலும் நட்சத்திர ஓட்டல் பார்களிலும் உரிமத்தின் மேல் நடவடிக்கை எடுக்கலாம். டாஸ்மாக்கில் விற்பவர் அரசே என்பதால், தண்டனை கடைசிப் படியில் நிற்கும் ஊழியரோடு முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமம் இல்லாமல் திருட்டுத்தனமாக மது விற்கும் சந்துக்கடைகளுக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை. அங்கே வாங்குபவருக்கு 60 வயதானாலும் விற்பனை குற்றம்தான். எல்லைக்கு அப்பாலிருந்து கடத்திவரப்படும் கர்நாடக மதுப் பாக்கெட்டுகளின் கதையும் அதுவே. இவற்றை மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

கடையில் சிறுவருக்கு மது விற்கப்படுவதைக் கண்ணால் பார்த்தவர், அந்தச் சிறுவரைப் படம் பிடிக்காமல், கடை எண், நாள், நேரம், நின்றிருந்த விற்பனையாளரின் தோற்றம் ஆகியவற்றை அன்றே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை மதுப் பழக்கத்துக்கோ பாட்டில் சுமக்கும் வேலைக்கோ ஆளாகியிருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தால், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் கவனத்துக்கு அது செல்லும். கடையைப் பற்றிய புகாரைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுத்து, கலால் உதவி ஆணையருக்கும் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் நகல் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவே, கடந்த ஓராண்டில் 21 வயது நிறையாதோருக்கு விற்றதற்காக மாவட்டத்தில் எத்தனை கடைகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, எத்தனை முறை வயதுச் சோதனை நடந்தது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தனி விண்ணப்பம் அனுப்பலாம்; அதற்கு 30 நாட்களுக்குள் அவர் பதில் தர வேண்டும்.